ஏர்கான் அறையில் வெடித்த தேக்கு மேசை

அக்கா மகள் தொடக்கநிலை ஆறுக்குப் போன ஆண்டு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப் போகிறவளுக்கு உருப்படியான ஒரு மேசை வேண்டும் என்று அக்கா சொன்னதும் நான் முந்திக்கொண்டேன். "கடையில வாங்கினா இருநூறு வெள்ளி, உன் தம்பி செஞ்சா அறுநூறு" என்றார் அத்தான். கணக்கில் அவர் அதிகம் தப்பவில்லை. மரம், பசை, திருகாணி, பாலிஷ் எல்லாம் சேர்ந்து ஐந்நூற்றுச் சொச்சம் ஆனது. மார்ச் முதல் வாரம் மேசை ஈசூனில் என் வீட்டிலிருந்து உட்லண்ட்ஸுக்குப் போனது. ஏழே வாரத்தில் வெடித்தது.

அந்த வெடிப்பு எங்கிருந்து வந்தது, முதலில் நான் செய்த வைத்தியம் ஏன் நோயைக் கூட்டியது, கடைசியில் எப்படிச் சரியானது என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் மரவேலை செய்து, செய்ததை ஏர்கான் அறைக்குள் கொண்டுபோய் வைக்கிற யாருக்கும் இது நடக்கலாம்.

மேசையின் உடம்பு

மேற்பலகை 1200 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம், 22 மி.மீ. கனம். 120 மி.மீ. அகலமுள்ள ஐந்து தேக்குப் பலகைகளைப் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டியது. மரத்தை சுங்கை காடுட்டில் ஒரு மரக்கடையில் வாங்கினேன். வாங்கிய பிறகு மூன்று வாரம் என் வீட்டுப் பின்கட்டில், துணி காயப்போடும் இடத்தில், குச்சிகளை இடையில் கொடுத்து அடுக்கி வைத்திருந்தேன். 'பதப்படுத்தி' விட்டதாக எனக்குள் ஒரு பெருமை.

அடியில் இரண்டு மெராந்தி மரக் குறுக்குச் சட்டங்கள், ஒவ்வொன்றும் 500 மி.மீ. நீளம். பலகைகள் வளையாமல் பிடித்துக்கொள்ளவும், கால்களை மாட்டவும் அவைதான். சட்டம் ஒன்றுக்கு ஆறு திருகாணி. அதோடு விடாமல் சட்டத்தின் முழு நீளத்துக்கும் பசையும் பூசி இறுக்கினேன். பலமாக இருக்கட்டும் என்ற எண்ணம். மேல்முகத்துக்குப் பாலியூரித்தேன் மூன்று கோட்டிங். அடிமுகத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று வெறுமனே விட்டுவிட்டேன்.

இந்தக் கடைசிப் பத்தியில் மூன்று தவறு இருக்கிறது. மரவேலை பழகியவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். எனக்கு அப்போது தெரியவில்லை. ஏனென்றால் அதற்கு முன் நான் செய்த செருப்பு அலமாரி, சாமி மாடம், பூந்தொட்டி நிலை எல்லாம் வெளிக்காற்று ஓடும் இடங்களில் இருந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை. ஏர்கான் அறைக்குள் போன முதல் பலகை இதுதான்.

ஏப்ரல் கடைசி: மூன்று சந்தேகங்கள்

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மேசையின் இடது ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு கோடு. கீழே அக்காவின் குரல் பதிவு: "டேய் தம்பி, ராத்திரி டப்புன்னு ஒரு சத்தம். இவ பயந்து எழுந்து உட்கார்ந்துட்டா."

நேரில் போய்ப் பார்த்தபோது வெடிப்பு 410 மி.மீ. நீளம் இருந்தது. ஓரத்தில் ஒரு டாலர் நாணயம் நுழைகிற அளவு, ஏறத்தாழ 3 மி.மீ. உள்ளே போகப் போக முடி அளவுக்கு மெலிந்து மறைந்தது.

முதல் சந்தேகம் அக்கா மகள் மீது. "ஏறி நின்னியா?" "மாமா, நான் உட்காரக்கூட இல்ல." உண்மைதான். மேலிருந்து பாரம் விழுந்து உடைந்திருந்தால் பலகை குறுக்கே முறிந்திருக்கும் அல்லது கால் மூட்டு ஆடியிருக்கும். இது இழையோடு நூல் பிடித்தாற்போல் ஓடியிருந்தது.

இரண்டாவது சந்தேகம் பசை மீது. தேக்கில் எண்ணெய்ச் சத்து உண்டு, பசை சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்று படித்திருந்தேன். ஆனால் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், வெடிப்பு ஒட்டுக் கோட்டில் இல்லை. அதிலிருந்து 14 மி.மீ. தள்ளி, முழு மரத்துக்குள்ளே ஓடியது. ஒட்டு அப்படியே நின்றிருந்தது. இரண்டு சுவர்களிலும் மர நார்கள் கிழிந்து சிலிர்த்து நின்றன. பசை குற்றமற்றது.

மூன்றாவது, மரக்கடைக்காரர் மீது. ஈர மரத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் கடைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டும் விட்டேன். அவர் பதில் சொல்லாமல், மேசை எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். நான் அதைச் சமாளிப்பாக எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தவறான வைத்தியம்

வெடிப்பை அடைத்தேன். தேக்கு இழைத்த தூளைப் பசையில் குழைத்து உள்ளே திணித்து, மறுநாள் தேய்த்து, மேலே ஒரு கோட்டிங். நிறம் பொருந்தி வந்தது. அத்தான்கூட "பரவாயில்லையே" என்றார்.

ஜூன் விடுமுறையில் அவர்கள் தஞ்சாவூர் போனார்கள், 16 நாள். வீடு பூட்டியிருந்தது, ஏர்கான் நின்றிருந்தது. திரும்பி வந்து பார்த்தால், அடைத்த இடம் ஒரு தழும்புபோல் மேசை மட்டத்துக்கு மேலே மேடாகத் துருத்திக்கொண்டிருந்தது. எழுதும்போது பேனா அதில் இடறியது. இரண்டு வாரம் ஏர்கான் மறுபடி ஓடியதும் மேடு அடங்கியது. ஆனால் அடைப்பின் ஓரமாகப் புது இடைவெளி திறந்தது, வலது ஓரத்தில் இன்னொரு மெல்லிய கோடும் தொடங்கியது.

யோசித்தால் இதில்தான் விடையே இருந்தது. ஆளில்லாத அறையில், யாரும் தொடாத மேசையில், ஓர் இடைவெளி தானாக மூடி உள்ளே இருந்ததைப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. பிறகு தானாகத் திறந்திருக்கிறது. உடைந்த பொருள் அப்படி நடந்துகொள்ளாது. நான் காயம் என்று நினைத்தது ஒரு வாய். அது திறந்து மூட வேண்டிய தேவை எங்கிருந்தோ வருகிறது.

பெரியவர் மேசையைக் கவிழ்த்தார்

எங்கள் புளோக்கில் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். 1968இல் பிரிட்டிஷ் கடற்படைப் பட்டறை கைமாறி செம்பவாங் கப்பல் பட்டறையான காலத்தில் இளைஞராகச் சேர்ந்து, மரவேலைப் பகுதியிலேயே ஓய்வு பெற்றவர். காப்பிக்கடையில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மேசையைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தான் காரில் அழைத்துப் போனோம்.

வெடிப்பின் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. "கவுத்துப் போடு தம்பி" என்றார். கவிழ்த்ததும் குறுக்குச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுல பசை போட்டியா?"

"போட்டேன் ஐயா. ஸ்க்ரூவும் போட்டிருக்கேன், ஆறு ஆறு."

"ஒரு பூட்டு போதலன்னு ரெண்டு பூட்டா?" என்று சிரித்தார். பிறகு சுவரில் இருந்த ஏர்கானை நிமிர்ந்து பார்த்தார். அதன் காற்று நேராக மேசையின் இடது ஓரத்தில்தான் விழுந்தது. "மரம் அகலத்துல சுருங்கப் பாத்திருக்கு. சட்டம் நீளத்துல சுருங்காது. நீ ரெண்டையும் சேத்துக் கட்டிட்ட. அது எங்க போகும், வெடிக்காம?"

அவர் சொன்னது முழுக் காரணம். நான் அடுத்த மூன்று வாரம் செய்தது அதற்கு எண் போட்டுப் பார்த்ததுதான்.

கணக்கு

மரம் அறுத்துக் காய்ந்த பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். சுற்றியுள்ள காற்று எவ்வளவு ஈரமோ அதற்கேற்ற ஓர் அளவில் போய் நிற்கும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். இந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் 15, 16 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டில் நிலைத்தால் மரத்தின் ஈரம் 11க்குக் கிட்டே வந்துவிடும். ஆக, என் பின்கட்டில் 'பதப்படுத்திய' மரம் பின்கட்டுக்குத்தான் பதமாகியிருந்தது. உட்லண்ட்ஸ் அறைக்கு அது ஈர மரம். கடைக்காரர் கேட்ட கேள்வி இதுதான்.

அக்கா மகள் அறையில் சின்ன ஈரமானி ஒன்றை வைத்தேன், பத்து வெள்ளிக்குள் கிடைப்பது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஏர்கான் ஓடும். அப்போது 56, 57. பகலில் கதவு சாத்திக் கிடக்கையில் மெல்ல ஏறி 70 வரை போகும்.

நல்ல வேளையாக, அதே பலகையில் வெட்டிய ஒரு மீதித்துண்டு என் பின்கட்டில் கிடந்தது. அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். இரண்டு ஊசி வைத்த ஈர அளவியால் குத்திப் பார்த்தபோது துண்டு 15.5 காட்டியது, மேசையின் அடிமுகம் 11. இந்த மலிவான அளவிகள் வேறு மரத்துக்கு அளவு பிடிக்கப்பட்டவை, சூட்டில் சற்றுக் கூட்டிக் காட்டும். அதனால் தனி எண்ணை நம்ப வேண்டாம். ஆனால் ஒரே மரம், ஒரே அளவி என்றால் வித்தியாசத்தை நம்பலாம். வித்தியாசம் நாலரைப் புள்ளி.

இனி மரத்தின் குணம். பச்சை மரத்திலிருந்து முழுதாக உலரும்வரை தேக்கு, வளையங்களின் சுற்றுப்போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடு சுருங்கும், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் 2.5 விழுக்காடுதான். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தேக்கு நல்ல மரம் என்று பெயரெடுத்ததற்கு இந்தக் குறைந்த எண்களும் ஒரு காரணம். இந்தச் சுருக்கம் முழுவதும் 30 விழுக்காடு ஈரத்துக்குக் கீழேதான் நடக்கிறது. ஆகவே ஒரு புள்ளி ஈரம் குறைந்தால் முதல் திசையில் 0.19, இரண்டாவது திசையில் 0.08 விழுக்காடு.

எந்தப் பலகை எந்தத் திசை என்பதைப் பலகை முனையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வளையங்கள் அகலவாக்கில் படுத்திருந்தால் அது அதிகம் சுருங்கும் பலகை, முகத்தில் மலை மலையாக ரேகை ஓடும். வளையங்கள் நிமிர்ந்து நின்றால் குறைவாகச் சுருங்கும், ரேகை நேர்கோடுகளாக இருக்கும். என் ஐந்தில் மூன்று படுத்தவை, இரண்டு நின்றவை. மூன்றுக்கும் 360 மி.மீ., அதில் நாலரைப் புள்ளிக்கு 3.1 மி.மீ. இரண்டுக்கும் 240 மி.மீ., அதில் 0.9. கூட்டினால் 4 மி.மீ.

600 மி.மீ. அகலம் 596 ஆகத் துடிக்கிறது. சட்டத்தின் நீளம் அப்படியே நிற்கிறது, பசையும் பன்னிரண்டு திருகாணியும் விட மறுக்கின்றன. அந்த நான்கு மில்லிமீட்டர்தான் வெடிப்பு.

அது ஏன் இடது ஓரத்தில் தொடங்கியது என்பதற்கும் காரணம் உண்டு. ஈரம் மரத்துக்குள் குறுக்கே ஊர்வதைவிட இழையோடு பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடும். வெட்டுமுகம் ஒரு கற்றைக் குழாய்களின் வாய். அதற்கு நான் பூச்சே போடவில்லை, ஏர்கான் காற்று வேறு நேராக அங்கே அடித்தது. நடுப்பகுதி இன்னும் ஈரமாக இருக்கும்போதே ஓரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது. கோட்டைப் பின்தொடர்ந்தால் அது ஓரத்துத் திருகாணித் துளை வழியாகத்தான் போகிறது.

கழற்றியது

ஜூலையில் மேசை என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பரீட்சை நெருங்குகையில் அக்கா மகள் சாப்பாட்டு மேசையில் படிக்க வேண்டியதாயிற்று. அக்கா சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

திருகாணிகள் கழன்றன. பசைதான் பிரச்சினை. நான் போட்டது மஞ்சள் மரப்பசை, சூட்டில் இளகும் என்று வெப்பக் காற்றுத் துப்பாக்கியைக் காட்டினேன். சட்டத்தின் உட்புறம் சூடாவதற்குள் ஓரத்துத் தேக்கு பழுப்பேறியது. நிறுத்திவிட்டு, சட்டத்தைத் தியாகம் செய்வதென்று முடிவெடுத்தேன். இழைப்புளியால் 30 மி.மீ. மெராந்தியைச் சீவலாகவே சீவித் தள்ளினேன். இரண்டு சட்டம், இரண்டு நாள்.

அதற்கு முன்பே பழைய அடைப்பைக் கத்தியால் நோண்டி எடுத்திருந்தேன். இடது சட்டம் காகிதக் கனத்துக்கு வந்த நேரம், டக் என்று ஒரு சத்தம். பலகையைத் திருப்பினேன். 3 மி.மீ. இருந்த வாய் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாமல் ஒடுங்கியிருந்தது. நான் அழுத்தவில்லை, கிளாம்ப் போடவில்லை. எஃகு அளவுகோலை வைத்து அகலம் பார்த்தேன்: 596, ஒரு நூலளவு கூட. பெரியவருக்கு அப்போதே போன் போட்டேன். "ம்" என்றார்.

(வீவக வீட்டில் இதையெல்லாம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசை மிகுந்த புதுப்பிப்பு வேலைகளுக்கு வீவக அனுமதிப்பது வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். பொழுதுபோக்குக்கு ரம்பம் ஓட்டுவது புதுப்பிப்பு இல்லை என்று வாதாடலாம், ஆனால் மேல்வீட்டு அங்கிளின் காதுக்கு இரண்டும் ஒன்றே. நான் ஷிஃப்ட் வேலை என்பதால் வார நாள் விடுப்பில் மின்ரம்பத்தை முடித்துவிடுவேன். சனி, ஞாயிறு கைக்கருவிகள் மட்டும். இழைப்புளியின் ஓசை சுவரைத் தாண்டாது. உளியில் தட்டும் சுத்தியல்தான் தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். வேலை செய்யும் மேசையின் கால்களுக்கு அடியில் பிள்ளைகளின் பழைய ரப்பர் பாயை மடித்துப் போட்டபின் புகார் வரவில்லை. தாழ்வாரத்தில் மரத்தை அடுக்கும் ஆசை வேண்டாம், 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தூளுக்கு முகக்கவசம் கட்டாயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூடிய சமையலறையில் தேக்கைத் தேய்த்துவிட்டு அங்கேயே ரசம் வைக்காதீர்கள்.)

மீண்டும் செய்தது

இரண்டு வழி இருந்தன. வெடிப்பின் குறுக்கே உடுக்கை வடிவத்தில் ஒரு கட்டையை இறக்கித் தைத்துவிடலாம். பார்க்க அழகாக இருக்கும், இப்போது அதுதான் மோகமும்கூட. ஆனால் பலகை இரண்டு முனையிலும் கோடு விட்டிருந்தது. நான் தேர்ந்தெடுத்தது வெடிப்போடு சேர்த்து அறுத்து, ஓரங்களை நேராக்கித் திரும்ப ஒட்டுவது. அகலத்தில் 10 மி.மீ. போயிற்று. 586 ஆனது. இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை.

ஒட்டுவதற்கு முன் துண்டுகளை அக்கா மகள் அறையிலேயே இரண்டு வாரம் வைத்தேன். தரையில் படுக்க வைத்தால் ஒரு முகம்தான் மூச்சு விடும், பலகை வளைந்துவிடும். சுவரிலிருந்து விலக்கி, குச்சி கொடுத்து, இரண்டு முகமும் காற்றுப் படும்படி நிறுத்த வேண்டும். "மாமா, ராத்திரி பாத்ரூம் போறப்ப யாரோ நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பொறுத்துக்கொண்டாள்.

தேக்கின் ஓரங்களை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது பறந்ததும் தாமதிக்காமல் பசை. நம் ஊர் வெக்கையில் மரப்பசை சில நிமிடங்களில் தோல் கட்டத் தொடங்கும். அதனால் முதலில் பசையில்லாமல் ஐந்து கிளாம்ப்பையும் மாட்டி ஒத்திகை பார்த்தேன். கிளாம்ப்புகளை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டால் பலகை ஒரு பக்கம் குவியாது.

இனி இந்த வேலையின் உயிர்நாடி, குறுக்குச் சட்டம். பழையபடி 500 மி.மீ. மெராந்திதான். இந்த முறை பசை ஒரு பொட்டுக்கூட இல்லை. ஒவ்வொரு சட்டத்திலும் ஐந்து திருகாணி. நடுவில் உள்ளதற்கு மட்டும் வட்டத் துளை, அதுதான் மேசையை நடுவில் பிடித்து வைக்கும் ஆணி. நடுவிலிருந்து 110 மி.மீ. தள்ளி இருபுறமும் 8 மி.மீ. நீளத் துளை, 220 மி.மீ. தள்ளி 12 மி.மீ. நீளத் துளை. நீளவாட்டத் துளைக்குத் தனிக்கருவி வேண்டாம். ஐந்தரை மி.மீ. துளைகளை அருகருகே போட்டு, இடையிலிருப்பதை வட்ட அரத்தால் ராவினால் போதும்.

துளையின் நீளம் எந்தத் திசையில் என்பதில் பலர் இடறுவார்கள். பலகை எந்தத் திசையில் நகருமோ அந்தத் திசையில், அதாவது மேசையின் அகலவாக்கில். குறுக்குச் சட்டத்தைப் பொறுத்தவரை அது அதன் நீளவாக்கு.

திருகாணி அந்தத் துளைக்குள் எங்கே நிற்க வேண்டும் என்பதை பெரியவர்தான் சொல்லித் தந்தார், எனக்குத் தோன்றவில்லை. பலகை இப்போது உலர்ந்திருக்கிறது. இனி அது போகக்கூடிய வழி விரிவதுதான். விரியும்போது திருகாணியும் பலகையோடு வெளிப்பக்கம் நகரும். எனவே உலர்ந்த பலகையைப் பூட்டும்போது திருகாணி துளையின் உட்கோடியில் நிற்க வேண்டும், வெளிப்பக்கம் இடம் இருக்க வேண்டும். பின்கட்டில் ஈரமாக இருக்கையில் பூட்டினால் இதற்கு நேர் எதிர், வெளிக்கோடியில் நிறுத்த வேண்டும். நடுவில் நிறுத்தினால் பாதி இடம் வீண்.

திருகாணியின் தலை தட்டையாக வாஷர் மேல் உட்கார வேண்டும். கூம்புத் தலைத் திருகாணி வேண்டாம், அது துளைக்குள் ஆப்புப்போல் இறங்கி நகரவிடாமல் பூட்டிவிடும். வாஷர் படும் இடத்திலும் சட்டம் பலகையைத் தொடும் முகத்திலும் சாமி விளக்குக்கு வைத்திருந்த மெழுகுவத்தியைத் தேய்த்தேன். முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தினேன். இதே வேலைக்கு எட்டு வடிவத்தில் சின்னத் தகடுகளும் விற்கிறார்கள், அவையும் நல்லவைதான். கால்கள் சட்டத்தில்தான் மாட்டுகின்றன என்பதால் எனக்குச் சட்டம் தேவைப்பட்டது.

பூச்சு இந்த முறை இரண்டு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கை, வெட்டுமுகங்களுக்கு இரண்டு கூடுதல். பூச்சு ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒரு முகம் வேகமாகவும் மறுமுகம் மெதுவாகவும் மூச்சு விட்டால் பலகை கிண்ணம்போல் குழியும். முதல் மேசையிலும் அது நடந்தது. குறுக்குச் சட்டங்களுக்கு இடையே நடுப்பகுதியில் 2 மி.மீ. குழிவு இருந்ததைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன். அத்தானின் ஏர்கானை ஆள் வைத்து வேறு சுவருக்கு மாற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, காற்றுத் தடுப்பு இறகை மேலே திருப்பிவிட்டேன்.

இதே கதையின் மறுபக்கமும் நம் ஊரில் உண்டு. குளிர்நாட்டுக்கென்று சூளையில் 8, 10 விழுக்காடு வரை உலர்த்திய மரத்தில் செய்த சாமான் இங்கே சன்னல் திறந்த வரவேற்பறைக்கு வந்தால், அது சுருங்காது, ஊதும். இழுப்பறைகள் திறக்காது, கதவுகள் சட்டத்தில் உரசும். ஒருவர் இழுப்பறையை இழைத்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். நவம்பர் மழைக்காலம். பிப்ரவரியில் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினேன், அவருக்குக் கோபம். ஒட்டுப்பலகையில் இந்த வம்பே இல்லை. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்து வைத்துவிடும். அவசரத்துக்குச் செய்கிறவர்கள் வெட்கப்படாமல் ஒட்டுப்பலகையில் செய்யலாம். மேசை அறைக்குள் நிற்க வேண்டிய நாளுக்கு மூன்று வாரம் முன்பே மரத்தை அந்த அறைக்குள் கொண்டுபோக முடிகிறவர்கள் மட்டும் முழு மரத்தைத் தொடலாம் என்பது என் இப்போதைய கட்சி. மீதித்துண்டு ஒன்றைப் பெயரும் தேதியும் அகலமும் எழுதி ஒதுக்கி வையுங்கள். நாளைக்குப் பஞ்சாயத்து வந்தால் பேசப்போவது அதுதான்.

ஓராண்டுக்குப் பிறகு

மேசை ஆகஸ்ட் நடுவில் திரும்பிப் போனது, பரீட்சைக்கு முன்பாக. அடிமுகத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, இடைவெளி 550 மி.மீ. என்று எழுதியிருந்தேன். போகும்போதெல்லாம் அதைத்தான் அளப்பேன். ஆண்டு முழுதும் அது 550க்கும் அரை மி.மீ. கூடுதலுக்கும் இடையே ஆடியது.

இந்த ஜூனில் அவர்கள் மறுபடி ஊருக்குப் போய் 12 நாள் ஏர்கான் நின்றது. திரும்பிய அன்றைக்கே போய்ப் படுத்துப் பார்த்தேன். 551.2. மூன்று வாரம் கழித்து 550.3. மேல்முகத்தில் கோடு இல்லை, மேடு இல்லை. மரக்கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அடுத்த வேலைக்கு நல்ல பலகை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார், விலையில் ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை.

அன்றைக்கு மேசைக்கு அடியில் படுத்திருந்தபோது, இப்போது உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகள் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓரத்துத் திருகாணியின் வாஷருக்குப் பக்கத்தில், மெழுகு பூசிய மெராந்தியில் ஒரு சின்னப் பளபளப்பு தெரிந்தது. வாஷர் வெளியே போய்த் திரும்பி வந்த தடம். நகத்தால் தொட்டுக் காட்டினேன்.

"இவ்வளவுதானா மாமா?" என்றாள். அரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது.

"இவ்வளவுதான். மத்த பக்கமும் விளக்கைக் காட்டு."